படுவான்கரைக் கைக்குழந்தைகளின் மூச்சுக்காக ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டத்தின் பிரதேச வைத்தியசாலைகளுக்குப் பொறுப்பான சுகாதார அதிகாரிகளுக்கும், அந்த வைத்தியசாலைகளின் அபிவிருத்திக் குழுக்களில் இருப்பவர்களுக்கும்,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரைப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றின் அபிவிருத்திக் குழு, ஊரிலும் வெளிநாட்டிலும் சேர்த்த காசில், மருந்தை ஆவியாக்கி மூச்சோடு இழுக்கக் கொடுக்கும் நெபுலைசர் மெஷின்கள் இன்னும் வாங்குவதென்று முடிவெடுத்திருக்கிறது. மாரி காலத்தில் மூச்சு முட்டி வரும் சின்னப் பிள்ளைகளுக்காக என்று காரணம் சொன்னார்கள். அதே கூட்டத்தில் நான் எழும்பி, கைக்குழந்தையின் காலில் சுற்றி ஒட்சிசன் அளவு பார்க்கிற புரோப் ஒன்று முதலில் வாங்குங்கள் என்று கேட்டேன். "அது பெரியாஸ்பத்திரியில இருக்குதானே, இங்க எதுக்கு?" என்று பதில் வந்தது. அத்தோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

வைத்தியசாலையின் பெயரை எழுதவில்லை. நான் கண்டதைத்தான் வேறு ஊர்த் தாய்மாரும் தங்கள் ஊர் வைத்தியசாலைகளைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒரு வைத்தியரை அல்லது ஒரு தாதியைப் பிடித்துக் குற்றம் சொல்வதால் இது தீராது.

நோயைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. புரொங்கியோலைட்டிஸ் என்பது மிகச் சிறிய மூச்சுக்குழாய்களில் வரும் தொற்று. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வருவது; ஆறு மாதத்துக்குக் கீழே உள்ளவர்களைத்தான் அதிகம் வாட்டுகிறது. பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ்தான் காரணம். பெரியவர்களுக்கு அது வெறும் தடிமனாக வந்து போய்விடும். கைக்குழந்தைக்கு முதல் இரண்டு மூன்று நாள் மூக்கு வடியும், கொஞ்சம் இருமும். அப்புறம் மூச்சு வேகமாகும், நெஞ்சுக்குள் இழுப்புச் சத்தம் கேட்கும், விலாவுக்குக் கீழே குழி விழும். மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் மிக மோசமாக இருக்கும். பிறகு தானாகவே தணியத் தொடங்கும். இருமல் மட்டும் மூன்று கிழமை வரை இழுபடலாம்.

உள்ளே நடப்பது இதுதான். மிகச் சிறிய மூச்சுக்குழாய்களின் உட்சுவரை வைரஸ் தாக்குகிறது. செத்த கலங்களும் சளியும் சேர்ந்து குழாயை அடைக்கின்றன, சுவரும் வீங்குகிறது. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். குழாயின் ஆரை பாதியானால் அதனூடாகப் போகும் காற்றுக்குத் தடை 16 மடங்காகும் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டலாம். பெரியவருக்குத் தெரியாமலே போகிற ஒரு சின்ன வீக்கம் கைக்குழந்தையின் மூச்சையே நிறுத்தப் பார்ப்பது அதனால்தான். ஆஸ்துமாவில் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. அதைத் தளர்த்தத்தான் சல்பியூட்டமோல். இந்த நோயில் குழாயை அடைப்பது சளியும் வீக்கமும். தசையைத் தளர்த்துகிற மருந்துக்கு இங்கே பெரிதாக வேலையில்லை. சத்தம் ஒரே மாதிரிக் கேட்பதால் வைத்தியமும் ஒன்று என்று ஆகிவிடாது.

என் மகளுக்கு இது வந்தபோது அவளுக்கு நாலு மாதம். வெளிநோயாளர் பிரிவில் பதிவுத் துண்டு எடுத்து உள்ளே போனதும் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார்கள். "முட்டு இழுக்குது, புகை பிடிங்க" என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். நெபுலைசர் ஆவியைத்தான் எங்கள் பக்கம் புகை என்பார்கள். அங்கே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு சின்னப் பையன் இருமிக்கொண்டிருந்தான். அவன் முகத்திலிருந்து எடுத்த மாஸ்க்கின் விளிம்பைப் பஞ்சால் ஒரு துடை துடைத்து, அப்படியே என் மகளின் முகத்தில் வைத்தார்கள். மருந்து ஊற்றுகிற கிண்ணத்தில் அவனுடைய மருந்து அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதன் மேலேயே இவளுடையதை ஊற்றினார்கள். மாஸ்க் பெரியவர்களுடையது; கண்ணிமையில் தொடங்கி நாடிக்குக் கீழே போய் நின்றது. பிள்ளை கத்தக் கத்த ஆவி பக்கவாட்டால் வெளியே போனது. சல்பியூட்டமோல் முடிந்ததும் வெறும் சேலைன், அதாவது உப்புத் தண்ணீர், ஊற்றி இன்னொரு தடவை பிடித்தார்கள்.

பால் குடிக்கிறாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணவில்லை. நான் கெஞ்சியதால், ஒட்சிசன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற கிளிப் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அதுவும் பெரியவர்களுடையது. அவளுடைய விரலில் நிற்காமல் நழுவியது. ஒரு நேரம் நூற்றுக்கு 99 காட்டியது, கை அசைந்ததும் 84 காட்டியது, பிறகு எண்ணே இல்லாமல் கோடு மட்டும். அந்த 99ஐத் துண்டில் எழுதி எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றிரவு மார்பில் போட்டால் இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு விட்டுவிடுவாள், மூச்சு வாங்குவாள். பின்னேரம் கட்டிய நப்பி காய்ந்தபடியே கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தலை முன்னும் பின்னும் ஆடியது. என் அம்மா அதைப் பார்த்ததும், "இனிச் சுணங்கேலாது புள்ள, டவுணுக்குக் கொண்டு போங்க" என்றார். 1990க்கு எடுத்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் வண்டிக்குள்ளேயே ஒட்சிசன் வைத்தார்கள். அந்தச் சேவையில் இருக்கிறவர்களுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

நகரத்து வைத்தியசாலையில் காலில் ஒட்டும் பட்டியாகச் சுற்றிய புரோப் 87 என்று அசையாமல் காட்டியது. மூக்கில் சேலைன் சொட்டு விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தார்கள். கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள். அது திறந்த உடனேயே முகம் கொஞ்சம் தெளிந்தது. மூக்கில் சின்னக் குழாய் வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். இன்னொரு மெல்லிய குழாயை மூக்குவழியாக வயிற்றுக்கு இறக்கி, நான் பிழிந்து கொடுத்த தாய்ப்பாலையே கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நெபுலைசரும் இருந்தது. அவளுக்கு அதைப் போடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். அங்கிருந்த வைத்தியர் அவசரத்துக்கு நடுவிலும் நின்று, இந்த நோயில் அதால் பெரிய பலன் இல்லை, மூச்சும் பாலும் ஒட்சிசனும்தான் முக்கியம் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அதற்குப் பிறகுதான் நான் தேடி வாசித்தேன். வாசித்ததை உங்கள் முன் வைக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சாதாரண சேலைன் 0.9%, அதாவது ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு. ஆய்வுகளில் பேசப்படுவது 3% சேலைன். லீற்றருக்கு 30 கிராம், கல்லடிக் கடல் தண்ணீருக்குக் கிட்டத்தட்டச் சமம். உப்பு கூடின திரவம் வீங்கிய சுவரிலிருந்து தண்ணீரை இழுக்கும், கட்டிச் சளி இளகும் என்பது எண்ணம். 2000களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் நடந்த சின்ன ஆய்வுகள் நல்ல நம்பிக்கை தந்தன. பெரிய ஆய்வுகள் வந்தபோது அந்த நம்பிக்கை சுருங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வார்ட்டில் அனுமதித்த குழந்தைகளுக்கு 3% சேலைன் கொடுத்துப் பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள்: வீட்டுக்குப் போகத் தயாராகும் நேரத்தில் வித்தியாசம் இல்லை. பிரான்சில் 24 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 777 குழந்தைகளோடு செய்த ஆய்வு 2017இல் வந்தது. வார்ட்டில் அனுமதிக்க வேண்டி வந்தவர்களின் தொகை குறிப்பிடும்படி குறையவில்லை. இருமல் கூடுவது போன்ற சின்னத் தொந்தரவுகள் 3% கொடுத்த பக்கத்தில் அதிகம். 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 34 ஆய்வுகளை, 5205 குழந்தைகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. வார்ட்டில் தங்கும் நேரம் ஏறத்தாழ 10 மணித்தியாலம் குறையலாம், வெளிநோயாளர் பிரிவில் கொடுத்தால் அனுமதிக்கப்படுவதும் ஓரளவு குறையலாம், ஆனால் இந்த முடிவுகளின் உறுதி குறைவு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் அமைப்பான நைஸின் வழிகாட்டி இந்த நோய்க்கு 3% சேலைனும் வேண்டாம், சல்பியூட்டமோலும் வேண்டாம், ஸ்டீரோயிட்டும் அன்ரிபயோட்டிக்கும் வேண்டாம் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் 2014 வழிகாட்டி சல்பியூட்டமோலை விலக்குகிறது. 3% சேலைனை அவசரப் பிரிவில் கொடுக்கக்கூடாது, அனுமதித்த பிள்ளைக்கு விரும்பினால் கொடுக்கலாம் என்கிறது. ஆக, உலகத்தில் வைத்தியர்களுக்கிடையில் மிச்சமிருக்கும் வாதம் ஒன்றுதான்: ஏற்கனவே ஒட்சிசனும் பாலும் ஒழுங்காகக் கிடைத்துக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளைக்கு 3% சேலைன் சில மணி நேரத்தை மிச்சப்படுத்துமா இல்லையா என்பது. ஒட்சிசனையும் பாலையும் பார்க்காமல் ஆவி பிடித்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற 0.9% சேலைன், அந்த ஆய்வுகள் பலவற்றில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த திரவம். ஆய்வில் மருந்து கொடுக்காத குழுவின் பிள்ளைகளுக்குக் கொடுத்ததை நாங்கள் வைத்தியம் என்று நம்பி வரிசையில் நிற்கிறோம்.

நெபுலைசரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்துமாக்காரருக்கு அது உயிர் காக்கும். அதற்கு இருக்கிற மெஷின்களைப் பழுது பார்த்து, ஆளுக்கொரு மாஸ்க் கொடுத்தாலே போதும். எங்கள் சனமும் இதைக் கேட்டு வாங்குகிறது என்பதும் எனக்குத் தெரியும். புகை பிடிக்காமல் அனுப்பினால், "ஒண்டும் செய்யாம அனுப்பிட்டாங்க" என்று சந்தியில் நின்று பேசுகிற ஊர் இது. நீண்ட வரிசைக்கு முன்னால் தனியாக இருக்கிற வைத்தியர் எத்தனை பேருக்கு இருந்து விளங்கப்படுத்துவார்? அந்த நெருக்கடியில் மெஷினைப் போட்டுவிடுவது இலகு. அதனால்தான் இது வைத்தியரின் தலையில் கட்டுகிற விஷயமல்ல, உங்கள் மட்டத்தில் தீர்க்க வேண்டிய விஷயம் என்கிறேன்.

தீர்க்காமல் விட்டதன் விலை வீடுகளில் தெரிகிறது. வைத்தியசாலையில் பிடிக்கிறார்கள் என்றால் அதுதான் மருந்து என்று நினைத்து, காதுத் தோட்டை அடகு வைத்து டவுண் பாமசியில் மெஷின் வாங்கிய தாயை எனக்குத் தெரியும். சேலைன் முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து உப்புக் கரைத்து மெஷினில் ஊற்றிய வீட்டையும் கண்டேன். கொதிக்க வைத்தாலும் முற்றாகக் கிருமி நீங்காத தண்ணீரை ஒரு கைக்குழந்தையின் நெஞ்சுக்குள் ஆவியாக அனுப்புவது எவ்வளவு ஆபத்து! வேண்டாம் என்று சொல்லி நிறுத்தினேன். யாரும் அந்தத் தாய்க்கு முன்னமே சொல்லியிருக்கவில்லை.

மாஸ்க் விஷயத்துக்கு மீண்டும் வருகிறேன், ஏனென்றால் இது காசில்லாமலே இன்றைக்கே நிறுத்தக்கூடிய தவறு. ஆர்.எஸ்.வி. கையாலும் மூக்குச் சளியாலும் பரவுகிறது. மேசை, கட்டில் கம்பி போன்ற கடினமான பரப்புகளில் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். தடிமனோடு வந்த ஒரு பிள்ளையின் முகத்திலிருந்து எடுத்ததை இன்னொரு பிள்ளையின் மூக்கில் வைப்பதென்றால், அந்த அறைக்கு வந்ததாலேயே நோய் பிடிக்கலாம். ஆஸ்துமாவுக்கு வந்த பிள்ளை ஆர்.எஸ்.வி.யோடு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டில் பிறந்து ஒரு மாதமான தங்கச்சி இருக்கலாம்.

"பெரியாஸ்பத்திரியில் இருக்குதானே" என்ற பதிலுக்கு வருகிறேன். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு எங்கள் பாடு எவ்வளவோ குறைந்தது, உண்மை. ஆனால் அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையில் ஆற்றைக் கடக்க இன்னும் பாதை என்கிற மிதவைப் படகை நம்பியிருக்கிற சனம் இருக்கிறது. உன்னிச்சைப் பக்கமும் வெல்லாவெளிப் பக்கமும் உள்ளே இருக்கிறவர்களுக்கு, மாரியில் றோட்டில் தண்ணீர் ஏறினால் டவுண் என்பது வேறொரு ஊர் மாதிரி இல்லை, வேறொரு நாடு. இரவில் யானைப் பயம். அந்த றோட்டில் போவதா, விடியும் வரை பார்ப்பதா என்று ஒரு தாய் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு அந்த முடிவை எடுக்க உதவக்கூடிய முக்கியமான எண், பிள்ளையின் உடம்பில் ஒட்சிசன் எவ்வளவு என்பது. தூரத்தில் இருக்கிற வைத்தியசாலைக்குத்தான் அந்தப் புரோப் அதிகம் தேவை. யாரை உடனே அனுப்ப வேண்டும், யாரை வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று பிரிக்கிற இடம் அதுதான்.

நான் கேட்பவை இவை.

கைக்குழந்தையின் காலில் சுற்றும் புரோப்போடு ஒட்சிசன் பார்க்கும் கருவி, படுவான்கரையின் ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் இரவு பகல் இருக்க வேண்டும். சேர்த்த காசை முதலில் அதற்குச் செலவழியுங்கள். மிச்சத்தில் சளி உறிஞ்சும் கருவியும் கைக்குழந்தை அளவு ஒட்சிசன் குழாய்களும் பால் கொடுக்கும் குழாய்களும் வாங்குங்கள். மெஷின் வாங்கும் தீர்மானத்தை நிறுத்திவைத்து, ஒரு குழந்தை வைத்திய நிபுணரின் எழுத்து மூலமான கருத்தைக் கேட்ட பிறகு கூட்டத்தில் மீண்டும் எடுங்கள்.

மூச்சு முட்டி வரும் ஒரு வயதுக்குக் குறைந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணி, ஒட்சிசன் பார்த்து, பாலும் சிறுநீரும் எப்படி என்று கேட்டுத் துண்டில் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்தால் நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் தொடக்கம் ஒரு வயது வரை 50 என்று உலக சுகாதார நிறுவனம் வேகமூச்சுக்குக் கோடு போட்டிருக்கிறது. ஒட்சிசன் 90க்குக் கீழே நின்றால், ஆறு கிழமைக்குக் குறைந்த குழந்தைக்கோ வேறு வருத்தம் உள்ள குழந்தைக்கோ 92க்குக் கீழே நின்றால், வைத்தியசாலையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறது நைஸ் வழிகாட்டி. வழமையான பாலில் பாதிதான் குடிக்கிறது என்றாலோ, அரை நாளாக நப்பி நனையவில்லை என்றாலோ, மூச்சு இடையில் நின்று நின்று வந்தாலோ, உதடு நீலித்தாலோ, ஒட்சிசன் வைத்தபடி அம்புலன்ஸில் அனுப்பச் சொல்லுங்கள். தாயின் கையில் கடிதம் கொடுத்து ஆட்டோவில் போகச் சொல்லக் கூடாது.

மாஸ்க்கையும் மருந்துக் கிண்ணத்தையும் ஒரு பிள்ளையிலிருந்து இன்னொரு பிள்ளைக்கு மாற்றுவதை இன்றே தடை செய்து சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இந்த நோய்க்கு ஏன் எப்போதும் புகை பிடிப்பதில்லை, வீட்டில் என்ன செய்வது, எப்போது ஓடி வருவது என்று ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டு வெளிநோயாளர் பிரிவுச் சுவரில் ஒட்டுங்கள். கிளினிக்கில் பிள்ளைகளின் நிறை பார்க்கும் மருத்துவ மாதுமாரிடம் அதைக் கொடுங்கள். எங்கள் தாய்மார் அவர்களை நம்புகிறார்கள். அடுப்புப் புகையும் நுளம்புத்திரியும் சிகரெட்டும் பிள்ளை படுக்கிற இடத்துக்கு வரக்கூடாது என்பதையும், தடிமன் பிடித்தவர் கைகழுவாமல் கைக்குழந்தையைத் தூக்கக்கூடாது என்பதையும் அவர்கள் வாயால் சொல்லட்டும்.

ஆர்.எஸ்.வி.க்கு எதிராகக் கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியை அல்லது பிறந்த குழந்தைக்குப் போடும் நீண்டகாலப் பாதுகாப்பு ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2025இல் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்திருக்கிறது. இது உங்கள் கையில் மட்டும் இல்லை என்று தெரியும். கிழக்கிலிருந்து இந்தக் கோரிக்கையைக் கொழும்புக்கு எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது, எழுதுங்கள்.

புரோப் எப்போது வரும், சுற்றறிக்கை எப்போது போகும் என்பதைத் திகதியோடு, மாரி மழை தொடங்குவதற்கு முன், எழுத்தில் அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பதிலின் பிரதி ஒன்றை ஒவ்வொரு வைத்தியசாலையின் அறிவித்தல் பலகையிலும் போடுங்கள். அடுத்த அபிவிருத்திக் குழுக் கூட்டத்துக்கு நானும் மற்றத் தாய்மாரும் வருவோம். இந்த விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் முதலாவதாகச் சேருங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையைச் சேர்ந்த ஒரு தாய், விஞ்ஞான ஆசிரியை